வேட்டைக்குப் போகும்போது நண்பன்... வழக்கில் கூட்டாளி! - ஓசூர் காடுகளின் மான் வேட்டைக் கதை

தமிழில் `கூட்டாளி' என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஊரில் சொன்னால் நண்பன். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னால் குற்றத்தில் பங்காளி. இந்த இரண்டு அர்த்தமும் ஒரே இரவில் ஒரே ஆளுக்குப் பொருந்திப்போகும் இடம் ஒன்று உண்டென்றால், அது மான் வேட்டை!

மான் வேட்டைக்கு யாரும் தனியாகப் போவதில்லை. ஒருவர் டார்ச் அடிக்க வேண்டும், ஒருவர் சுட வேண்டும், ஒருவர் தூக்க வேண்டும். அதனால் வேட்டை என்றாலே அது நண்பர்கள் விஷயம்தான். `மச்சான், ஒரே ஒரு ராத்திரிடா' என்ற பேச்சில் ஆரம்பித்து, வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறுவதில் முடிகிறது இந்தக் கதை. சில நேரம் உயிரும் போகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் பகுதிக்கு இந்தக் கதை புதிதல்ல. ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்த காடு இது. இன்று அதே காடு சரணாலயம்.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு காடு

ஓசூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது சிப்காட். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். ஷிஃப்ட் பஸ்கள், பெங்களூரு போகும் லாரிகள், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் டீக்கடைகள். மானைத் தமிழில் `மான்' என்போம். கன்னடத்தில் `ஜிங்கெ', தெலுங்கில் `ஜிங்க'. இந்த ஊரில் மூன்றும் எல்லோருக்கும் புரியும்.

அந்த சிப்காட்டிலிருந்து தெற்கே போனால் தேன்கனிக்கோட்டை, தென்மேற்கே போனால் தளி, ஜவளகிரி. இன்னும் உள்ளே அஞ்செட்டி, உரிகம். மேலகிரி மலைத்தொடரும், அதன் அடியில் ஓடும் காவிரியும் சேர்ந்த பெருங்காடு இது. வடக்கே கர்நாடகத்தின் பன்னர்கட்டா தேசியப் பூங்கா. மேற்கிலும் தெற்கிலும் காவிரி வன உயிரினச் சரணாலயம், மலை மாதேஸ்வரா மலை, அதைத் தாண்டி சத்தியமங்கலம். யானைகள் ஆண்டுதோறும் நடந்துபோகும் பாதை இது. ராகி அறுவடை நேரத்தில் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டம் வந்த செய்தியை நாம் ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறோமே, அந்த யானைகள் வருவது இந்த வழியில்தான்.

யானை தெரிந்த அளவுக்கு மான் செய்தியாவதில்லை. ஆனால், இந்தக் காட்டில் புள்ளிமான் உண்டு, கடமான் உண்டு. கோடையில் ஓடைகள் வற்றும்போது தண்ணீர் தேடி ஏரிக்கரைக்கும் விவசாயக் கிணற்றுக்கும் வருவது இவைதான். அப்படி வரும்போது சில நாய்களிடம் கடிபடுகின்றன, சில கிணற்றில் விழுகின்றன, சில வாகனத்தில் அடிபடுகின்றன. சில, துப்பாக்கிக்கு இலக்காகின்றன.

துப்பாக்கியோடு வந்தவர், பேனாவோடு போனார்!

இந்தக் காடுகளை உலகத்துக்குச் சொன்னவர் ஒரு வேட்டைக்காரர். பெயர், கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்தவர். பெங்களூரில் குடியிருந்த அவருக்கு வேலை, அங்கிருந்த விமானத் தொழிற்சாலையில். விடுமுறை கிடைத்தால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று காட்டுக்குள் போய்விடுவார். `மனிதரைத் தின்னும் ஜவளகிரிப் புலி'யையும், தேன்கனிக்கோட்டை அருகே உள்ள சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தையையும் பற்றி அவர் எழுதிய கதைகளுக்கு இன்றும் உலகம் முழுக்க வாசகர்கள் இருக்கிறார்கள். 1950-களில் தொடங்கி 1974-ல் அவர் இறந்த பிறகும் அவருடைய புத்தகங்கள் வெளிவந்தன.

ஆண்டர்சன் கதைகளில் அவர் மட்டும் ஹீரோ அல்ல. பென்னாகரம் பக்கம் சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்ற பூசாரி பழங்குடி மனிதரும், ரங்கா என்ற இன்னொருவரும் அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வருவார்கள். துப்பாக்கி ஆண்டர்சனுடையது. கால்தடம் பார்த்து, காற்றின் திசை பார்த்து, விலங்கு எங்கே நிற்கும் என்று சொல்லும் அறிவு பைராவுடையது. ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் ஒரு காட்டுவாசியும் நண்பர்களாக ஆனது இந்தக் காட்டில்தான்.

அந்தக் காலத்தில் வேட்டை சட்டவிரோதம் அல்ல. ஆனால், அன்றும் அது கட்டுப்பாடே இல்லாத விஷயமாக இருக்கவில்லை. நீலகிரியில் 1879-லேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்க ஒரு சட்டம் வந்துவிட்டது. 1912-ல் இந்தியா முழுமைக்குமாக ஒரு சட்டம் வந்தது. எந்த மாதங்களில் வேட்டையாடக் கூடாது என்ற வரையறை அப்போதே இருந்தது. வேட்டைக்காரர்களே, `இப்படியே சுட்டுக்கொண்டிருந்தால் சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது' என்று பயந்ததுதான் காரணம்.

ஆண்டர்சனும் வயதான பிறகு துப்பாக்கியை விட கேமராவையே அதிகம் விரும்பினார். காடு அழிவதைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார். இன்று மேலகிரிக் காடுகளைப் பாதுகாக்கப் பாடுபடும் தன்னார்வ அமைப்பு ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? `கென்னத் ஆண்டர்சன் இயற்கைச் சங்கம்'! ஒரு வேட்டைக்காரரின் பெயரில் வனப்பாதுகாப்பு அமைப்பு. இந்தக் காடு கடந்துவந்த மாற்றத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டாம்.

1972-க்குப் பிறகு...

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. இன்று, பொழுதுபோக்குக்காகவோ கறிக்காகவோ மானை வேட்டையாட இந்தியாவில் யாருக்கும் அனுமதி இல்லை. ஆண்டர்சனின் காடுகளுக்கு அடுத்தடுத்து இரண்டு பாதுகாப்புகள் கிடைத்தன. 2014-ல் சுமார் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பரந்திருக்கும் இந்த இரண்டும் சேர்ந்து, கர்நாடகக் காடுகளோடு தொடர்ச்சியான ஒரு பாதுகாப்பு வளையமாகிவிட்டன.

சரணாலயம் என்பது வெறும் பெயர்ப் பலகை அல்ல. தண்டனையே மாறுகிறது. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள விலங்கை வேட்டையாடினால் பொதுவாக 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதையே சரணாலயத்துக்குள் செய்தால் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி உள்ள தொகைகள் இவை. சரணாலயக் குற்றத்தில் ஜாமீன் கிடைப்பதும் சுலபமல்ல. அரசு வழக்கறிஞரின் எதிர்ப்பையும் கேட்டுவிட்டுத்தான் நீதிமன்றம் முடிவெடுக்கும்.

`நான் சுடவே இல்லையே சார்!'

வேட்டை வழக்குகளில் வழக்கமாகக் கேட்கும் வசனம் இது. `நான் சும்மா கூடப் போனேன்', `பைக் மட்டும்தான் என்னுது', `கறி கொடுத்தாங்க, வாங்கிட்டேன்.' இதில் எதுவும் தப்பிக்கும் வழி அல்ல.

முதலில், `வேட்டை' என்பதற்குச் சட்டம் சொல்லும் அர்த்தமே பெரியது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். குறி தவறி மான் ஓடிவிட்டாலும் வழக்கு வழக்குதான்.

அடுத்து, உடந்தை. குற்றத்துக்குத் துணை நின்றவருக்கும் அந்தக் குற்றத்துக்கான தண்டனைதான். டார்ச் பிடித்த கைக்கும் துப்பாக்கி பிடித்த கைக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை.

மூன்றாவது, கறி. காட்டு விலங்கின் இறைச்சியோ தோலோ கொம்போ உங்களிடம் இருந்தால், அது சட்டவிரோதமாக வந்தது அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. `ஆட்டுக்கறின்னு நினைச்சேன்' என்பதும் செல்லாது. குழம்பில் வெந்த கறியாக இருந்தாலும் டி.என்.ஏ பரிசோதனையில் அது எந்த விலங்கு என்று கண்டுபிடித்துவிட முடியும். ஐதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி ஆய்வு நிறுவனத்தின் `லாகோன்ஸ்' பிரிவு இந்தப் பரிசோதனையில் பெயர் பெற்றது.

நான்காவது, துப்பாக்கி. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு. வேட்டைக்குப் பயன்படுத்திய பைக், காரும் பறிமுதலாகும்.

இவை எல்லாவற்றையும் விட இந்தக் காலத்தில் பெரிய சாட்சி, செல்போன். செத்த மானோடு நண்பர்கள் சேர்ந்து எடுத்த செல்ஃபியே, யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடும்.

சிப்காட்டில் வேலை பார்க்கும் ஓர் இளைஞருக்கு இதன் அர்த்தம் என்ன? ஒரு வழக்கு பதிவானால் போலீஸ் சரிபார்ப்பில் அது வரும். அடுத்த கம்பெனிக்கு மாறுவதிலும், பாஸ்போர்ட் எடுப்பதிலும் சிக்கல் வரும். ஒரு வேளைக் கறிக்கு இவ்வளவு விலை!

சல்மான் கான் சொல்லும் பாடம்

`பெரிய இடத்துப் பசங்களுக்கெல்லாம் எதுவும் ஆகாது' என்பார்கள். இந்தியாவின் மிகப் பிரபலமான வேட்டை வழக்கு, ஒரு நண்பர் குழு மீதுதான்.

1998 அக்டோபரில் ராஜஸ்தானின் ஜோத்பூர் பகுதியில் `ஹம் சாத் சாத் ஹைன்' படப்பிடிப்பு. `நாம் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம்' என்பதுதான் படத்தின் பெயருக்கு அர்த்தம். அப்போது கங்காணி கிராமத்தில் வெளிமான்களை வேட்டையாடியதாக நடிகர் சல்மான் கான் மீதும், உடன் சென்றதாக சைஃப் அலி கான், தபு, சோனாலி பிந்த்ரே, நீலம் ஆகியோர் மீதும் வழக்கு. சென்னை கிண்டியிலும் கோடியக்கரையிலும் நாம் பார்க்கிறோமே, அதே வெளிமான். புகார் சொன்னவர்கள், மான்களைத் தங்கள் குழந்தைகளைப் போலக் காக்கும் பிஷ்னோய் சமூகத்து கிராம மக்கள். தீர்ப்பு வந்தது 2018 ஏப்ரல் 5-ல். சல்மானுக்கு 5 ஆண்டுகள் சிறை, 10,000 ரூபாய் அபராதம். இரண்டு இரவுகள் சிறையில் கழித்து ஜாமீனில் வந்தார். மற்ற நால்வரும் சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர். ஆனால், அந்த விடுதலைக்கு அவர்கள் காத்திருந்தது கிட்டத்தட்ட 20 ஆண்டுகள்!

2005-ல் ஹரியானாவின் ஜஜ்ஜரில், முன்னாள் இந்திய கிரிக்கெட் கேப்டன் மன்சூர் அலி கான் பட்டோடி மீதும் அவருடன் சென்றவர்கள் மீதும் வெளிமான் வேட்டை வழக்கு பதிவானது. வழக்கு முடிவதற்குள், 2011-ல் அவர் இறந்துவிட்டார்.

உயிரும் போகும்...

கோர்ட்டும் அபராதமும் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம்.

நாட்டுத் துப்பாக்கி என்பது கம்பெனித் துப்பாக்கி அல்ல. குழாய் வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு இடித்துச் சுடுவது. மருந்தின் அளவு கொஞ்சம் கூடினால் குழாய் வெடித்து, சுடுபவரின் கையோ கண்ணோ போய்விடும். இருட்டில் அசைந்தது விலங்கு என்று நினைத்து, உடன் வந்த நண்பனையே சுட்டுவிட்ட சம்பவங்கள் தமிழக மலைக் கிராமங்களில் நடந்திருக்கின்றன.

2023 பிப்ரவரியில், மேட்டூர் அணைக்கு மேலே, தமிழக - கர்நாடக எல்லையில் பாலாறு காவிரியோடு சேரும் இடத்தில் ஒரு சம்பவம். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த சிலர் இரவில் பரிசலில் சென்றிருந்தனர். கர்நாடக வனத்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். மான் வேட்டையாடியவர்களைத் தடுத்தபோது நடந்தது என்றது கர்நாடக வனத்துறை. மீன் பிடிக்கத்தான் போனார்கள் என்றது உறவினர் தரப்பு. உடன் போனவர்கள் தப்பி வந்தார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. சில நாள்களில் ஆற்றில் அவருடைய உடல் மிதந்தது. இரு மாநில எல்லையில் பதற்றம் ஏற்பட்டு, பஸ் போக்குவரத்தே நின்றது. எது உண்மை என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். எல்லைக் காட்டில் இரவு நேரத்தில் நடப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு மரணம் போதும்.

`ஒரே ஒரு மான்தானே?'

இது நியாயமான கேள்வி போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புள்ளிமானின் கர்ப்பகாலம் ஏழு மாதங்களுக்கு மேல். கடமானுக்குச் சுமார் எட்டு மாதங்கள். ஒரு பிரசவத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான். டார்ச் வெளிச்சத்தில் சுடுகிறவருக்கு அது ஆணா, பெண்ணா, சினையா என்பது தெரியாது. தெரிவது, இரண்டு கண்களின் மினுமினுப்பு மட்டும். மானின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. இருட்டில் பார்க்க இயற்கை கொடுத்த வசதி அது. அந்த வசதிதான் வேட்டைக்காரருக்கு அதைக் காட்டிக்கொடுக்கிறது. திடீர் வெளிச்சத்தில் கண் கூசி, மான் அப்படியே நின்றுவிடும். இதில் வீரம் எங்கே இருக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஊரையும் மாட்டையும் காக்கப் புலியோடும் காட்டுப்பன்றியோடும் மோதி உயிர்விட்டவர்களுக்கு இங்கே கல் நட்டு வணங்கியிருக்கிறார்கள். தன் உயிரைப் பணயம் வைத்ததற்கான மரியாதை அது. கண் கூசி நிற்கும் மானைச் சுடுவதை அந்த வரிசையில் சேர்க்க முடியாது.

மான் குறைந்தால் காட்டுக்குள் அடுத்து என்ன நடக்கும்? ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான்கள் அளவுக்கு இரை தேவை என்கிறார்கள் புலி ஆய்வாளர்கள். சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் மானும் பன்றியும்தான் சாப்பாடு. காட்டில் இரை குறைந்தால், சிறுத்தை அடுத்துத் தேடுவது கிராமத்து ஆட்டையும் நாயையும். `ஊருக்குள் சிறுத்தை!' என்ற செய்திக்குப் பின்னால், யாரோ சாப்பிட்ட மான்கறியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

துப்பாக்கி இல்லாதவர்கள் வைக்கும் சுருக்குக் கம்பி இன்னும் மோசம். பைக்கின் பிரேக் கேபிள் போன்ற கம்பியில் செய்யும் அந்தக் கண்ணிக்கு மான், சிறுத்தை என்ற பேதம் தெரியாது. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து, வாய் சிதைந்து பட்டினி கிடந்து சாகும் யானைகளும் உண்டு. 2023 மார்ச் 7-ம் தேதி, தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்க விவசாய நிலத்தில் சட்டவிரோதமாக அமைத்த மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. தப்பிய இரண்டு குட்டிகள், இறந்த யானைகளை விட்டுப் போகாமல் அங்கேயே சுற்றி வந்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்துக் கலங்கியது. அது வேட்டை அல்ல. ஆனால், ஒன்றுக்கு வைத்த பொறி இன்னொன்றைக் கொல்லும் என்பதற்கு அதுவே சாட்சி.

துப்பாக்கியை ஒப்படைத்த கிராமங்கள்

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில், ஓசூர் வனக்கோட்டத்தின் காட்டோரக் கிராமங்களில் வனத்துறை ஒரு முயற்சி எடுத்தது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று ஊர் ஊராக அறிவித்தது. தாத்தா காலத்திலிருந்து பரணில் கிடந்த துப்பாக்கிகளைக் கிராம மக்கள் ஊர்ப் பெரியவர்கள் மூலமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். `வீட்டில் துப்பாக்கி இருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டாலும் ஒரு நாள் பசங்க எடுத்துருவாங்க' என்ற பயம், காட்டோரத்துப் பெற்றோருக்கு நன்றாகவே தெரியும்.

காவிரி தெற்கு சரணாலயத்தை அறிவித்தபோது அரசு வெளியிட்ட விவரத்தின்படி, அந்தப் பகுதியில் 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் பதிவாகியிருக்கின்றன. தொழிற்சாலைப் புகைக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு காடு மிஞ்சியிருப்பது அபூர்வம்.

நண்பர்களோடு காட்டுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம், முறைப்படி போனால்! தேன்கனிக்கோட்டை அருகே அய்யூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலா இருக்கிறது. அனுமதி உள்ள இடத்தில், அனுமதி உள்ள நேரத்தில் போய், சத்தம் போடாமல் காத்திருந்தால், மான் கூட்டம் தண்ணீருக்கு இறங்கும் காட்சி கிடைக்கலாம். ஒரு மான் காதை விறைத்து, வாலைத் தூக்கி, கூட்டத்துக்கு அபாயக் குரல் கொடுப்பதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம். யாரும் கைது செய்ய மாட்டார்கள்!

காட்டோரம் வசிப்பவர்களும், அங்கே நிலமோ ரிசார்ட்டோ வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டியவை சில:

* யாராவது `மான்கறி இருக்கு, வேணுமா?' என்று கேட்டால் வாங்காதீர்கள். வாங்குபவர் இருப்பதால்தான் வேட்டையாடுபவர் இருக்கிறார்.

* வேலியிலோ புதரிலோ சுருக்குக் கம்பியைப் பார்த்தால் பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

* அடிபட்ட மானைப் பார்த்தால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். நல்ல எண்ணத்தில் எடுத்து வந்தாலும் சட்டச் சிக்கல் வரும். மான் மனிதர்களைக் கண்டு மிரண்டு அதிர்ச்சியிலேயே இறந்துபோகும் விலங்கு. நாய்களை மட்டும் விரட்டிவிட்டு, வனத்துறைக்கு போன் செய்யுங்கள்.

* உங்கள் வீட்டுப் பையன் `ஃப்ரெண்ட்ஸோட நைட் காட்டுப் பக்கம் போறேன்' என்றால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆண்டர்சனும் பைராவும் இந்தக் காட்டில் சேர்ந்து நடந்தார்கள். அவர்களுடைய நட்பு புத்தகமாக நிலைத்துவிட்டது. இன்று இரண்டு நண்பர்கள் துப்பாக்கியோடு அதே காட்டுக்குள் போனால், அவர்கள் பெயரும் எழுதப்படும்தான். ஆனால் அது முதல் தகவல் அறிக்கையில், `முதல் குற்றவாளி', `இரண்டாம் குற்றவாளி' என்று!

`வாடா, போலாம்' என்று கூப்பிடுபவன் மட்டும் கூட்டாளி இல்லை. `வேணாம்டா' என்று கையைப் பிடித்து நிறுத்துபவனும் கூட்டாளிதான்.